மாடல் 10: இடது பக்கம் போன குறி, கைப்பிடியில் சரிசெய்த கதை

நேற்று 15 கஜத்தில் ஆறு தோட்டாவும் உள்ளங்கை அகலத்துக்குள், சைட்டுக்கு (குறிபார்வைக்கு) நேராக விழுந்தன. மூன்று வாரமாகக் குண்டு இடது பக்கமே போய்க்கொண்டிருந்த அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர்தான். அவ்வளவு சந்தோஷம்!

போலீஸ் துறை கழித்துவிட்ட ரிவால்வர்கள் டெக்சஸில் ஒரு சின்னக் கடைக்கு வந்திருந்தன. நான் எடுத்தது மாடல் 10இன் 10-6 என்ற வகை, 4 அங்குலக் கனத்த பேரல், கைப்பிடியின் அடி சதுரமானது. உறையில் உரசி உரசி பேரல் முனையில் நீலப்பூச்சு போய்விட்டது, அதற்கெல்லாம் நான் பேரம்கூடப் பேசவில்லை. காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஆறு அறையிலும் ஹேமர் முழுசாக ஏறும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொண்டது, முன்பின் ஆட்டமும் இல்லை. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே 0.006 அங்குலம். துப்பாக்கி வாங்க அமெரிக்காவில் நிரப்பும் 4473 படிவத்தை எழுதிக்கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

158 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவில் குண்டு விழும் உயரம் சரியாக இருந்தது. 125 போட்டால் கொஞ்சம் கீழே இறங்குகிறது, இந்த மாதிரி நிலை சைட்டில் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இடப்பக்கம்? திருகிச் சரிசெய்ய இதில் ஒன்றும் கிடையாது. பேரலைத் திருப்ப வேண்டும் என்றார் ஒருவர். ஊசி (pin) அடித்துப் பூட்டிய பேரலை அவ்வளவு சீக்கிரம் தொட எனக்கு மனசில்லை. நண்பர் கையில் கொடுத்துச் சுடச் சொன்னேன், அவருக்கு நடுவில் விழுந்தது. சரி, கோளாறு என் பிடியில்தான்.

கூடவே வந்த மேக்னா கைப்பிடி ரொம்ப மெல்லிசு. டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பின்னால் காலி இடம், ஒவ்வொரு வெடிக்கும் நடுவிரல் முட்டியில் இடி. டபுள் ஆக்‌ஷனில் (டிரிகரை இழுப்பதே ஹேமரையும் ஏற்றி விடும் முறை) இழுக்கும்போது பிடி நழுவுகிறது என்று கீழ் விரல்களை இறுக்கினேன், முனை இடது பக்கம் திரும்பியது. அடுத்து பெரிய டார்கெட் கைப்பிடி போட்டேன், இடி நின்றது, ஆனால் விரல் நுனிதான் டிரிகருக்கு எட்டியது, அதுவும் இடது பக்கமே தள்ளியது. இதற்கிடையில் இணையத்தில் வாங்கிய ஒன்று உருண்டை அடிக்கானதாக வந்து சேர்ந்தது. சதுர அடி என்று தெளிவாக எழுதிக் கேட்டும் இப்படி அனுப்பினால் எரிச்சல் வராதா?

கடைசியில் துப்பாக்கிச் சந்தையில் பழைய சாமான் பெட்டிக்குள் ஒரு டைலர் டி கிரிப் கிடைத்தது. மேக்னாவைக் கழற்றாமலே அந்தக் காலி இடத்தை மட்டும் நிரப்பும் அலுமினியத் துண்டு. விரல் எட்டும் தூரம் மாறாது, எனக்கு வேண்டியதும் அதுதான்.

மாட்டுவதுதான் பெரும்பாடு. அதன் செம்புப் பட்டைகள் கைப்பிடியின் இரண்டு மரப் பலகைகளுக்கு அடியில் போகின்றன. பட்டை கொஞ்சம் மடிந்து நின்றாலும் பலகை துப்பாக்கியின் சட்டத்தில் உட்காராது, திருகை இறுக்கினால் மரம் பிளக்கும். உள்பக்கம் மரத்தைச் சுரண்டிவிடலாம்தான். ஆனால் வலப் பலகையின் உள்ளே அடித்திருந்த எண்ணைப் பார்த்தேன், மங்கலாக இருந்தாலும் ரிவால்வரின் கைப்பிடி அடியில் உள்ள வரிசை எண்ணேதான். தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகவே கிளம்பிய ஜோடி. அதில் உளி வைக்க முடியுமா? பட்டையைத்தான் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, மாட்டி, கழற்றி, மறுபடி தட்டினேன். இரண்டு சாயங்காலம் போனது. (கழற்றும்போது பலகையை நெம்பாதீர்கள். திருகைச் சில சுற்று தளர்த்தி அதன் தலையை அழுத்தினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக எழும்.)

இடப்பக்கம் இப்போது சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கம் இன்னும் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கிறது. ஆல்டமாண்ட் என்ற கைப்பிடி நிறுவனத்தில் மேக்னா மாதிரி வால்நட் மர ஜோடி ஒன்று வாங்கிச் சுரண்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளப் போகிறேன், அசல் ஜோடி துணியில் சுற்றி அலமாரிக்குப் போகும். அதற்குள் உருண்டை அடிக்காரரிடம் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.