கட்டுப் போடும் வேலை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆன பெண்கள்தான் எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அதிகம் வருகிறார்கள். நோய் போய்விட்டது, கை வீங்கிவிட்டது. பலருக்கு அதை முதலில் சொன்னவர் தையற்காரர். ரவிக்கையின் ஒரு கை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று அவர்தான் கேட்டிருப்பார். இரு கைகளின் சுற்றளவுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் வீக்கம் என்று எங்கள் கணக்கு சொல்லும். நான் தையற்காரரின் கணக்கையே பெரிதாக எடுத்துக்கொள்வேன். அவர் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்.

அக்குளில் உள்ள நிணநீர்க்கணுக்களை, அதாவது திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு, கையின் நிணநீர் வடியும் வழி குறுகிவிடுகிறது. கதிர்வீச்சு மீதி வழியையும் இறுக்கிவிடும். தேங்குவது புரதம் கலந்த நீர் என்பதால் நாளடைவில் தோலும் தடித்துப்போகும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை விழுங்கிப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அதில் பயனில்லை. கும்பகோணம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு தொல்லை: யானைக்கால் அங்கே பழகிய நோய், ஆகவே “கைக்கு வந்துவிட்டதா?” என்று உறவினர்கள் ஒதுங்குகிறார்கள். யானைக்காலில் நிணநீர் வழியைக் கெடுப்பது புழு. இந்தக் கைகளில் கொசுவுக்கும் புழுவுக்கும் வேலையே இல்லை. இதைத் துணைக்கு வந்தவர்களையும் உட்கார வைத்துத்தான் சொல்வேன்.

“முழுதாகச் சரியாகிவிடுமா?” என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் ஆகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இட்லிக் கடை நடத்தும் ஓர் அக்காவுக்கு, வீக்கத்தை அழுத்திக் குறைக்கக் கட்டுப் போட்டேன். விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிப்பட்டை, அதன்மேல் பஞ்சு, பிறகு இழுத்தால் அதிகம் நீளாத பட்டைகள். கீழே அழுத்தமாக, மேலே போகப்போகத் தளர்வாக. சித்திரை வெயிலில் இதைச் சுற்றிவிட்டு “பகலெல்லாம் இருக்கட்டும்” என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. “இதோடு எப்படியம்மா மாவு கரைப்பது?” என்றார். கடைசியில் இரவில் கட்டு, பகலில் அழுத்த உறை என்று முடிவானது. அந்த உறையின் விலை அதிகம், சுமார் ஆறு மாதத்தில் பிடிமானமும் போய்விடும். எந்த அறிவுரையும் இந்தச் செலவில் வந்துதான் முட்டிக்கொள்கிறது.

ஆவி பட்டு, அருவாமனை கீறி, தோல் கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கை திடீரென்று சிவந்து சூடாகிக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். ஆனால் குடத்தைத் தொடாதே என்று சொல்லவில்லை. அந்தப் பழைய தடை 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வோடு தளர்ந்துவிட்டது. வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கினார்கள்; அதனால் வீக்கம் கூடவில்லை. அரைக் குடத்தில் தொடங்குங்கள் என்றேன்.

வீட்டில் கட்டுவது அவர் கணவர். லாரியில் பாரம் கட்டும் தொழில். தார்ப்பாய்க்கு மேல் முடிச்சுதான் உயிர் என்பவரிடம், மேலே இறுக்கக் கூடாது என்று புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். இப்போது அவர் போடும் கட்டு எங்கள் பயிற்சி மாணவர்களின் கட்டைவிட நன்றாக நிற்கிறது. முழங்கை மடிப்பில் மட்டும் சுருக்கம் விழுகிறது. அடுத்த முறை அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.