மாஸ்கோல இருந்து வந்த ஜமீலா

போன வாரம் பரண்ல இருந்து அப்பாவோட புத்தகப் பெட்டிய இறக்கினோம். பாதிக்கு மேல மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ் புக்ஸ். முன்னேற்றப் பதிப்பகம்ங்கற சோவியத் அரசுப் பதிப்பகத்தோட புக்ல கடைசிப் பக்கத்துல மொழிபெயர்ப்பு எப்படி இருக்கு, அட்டை எப்படி இருக்குன்னு உங்க கருத்த எழுதுங்கன்னு கேட்டு சூபவ்ஸ்கி புல்வார் 17, மாஸ்கோன்னு அட்ரஸும் போட்டிருப்பாங்க.

அந்தப் பெட்டிக்குள்ள ஜமீலாங்கற குறுநாவலும் இருந்துச்சு. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1958ல எழுதினது, தமிழ்ல பூ. சோமசுந்தரம். உக்காந்தேன், முடிச்சிட்டுதான் எந்திரிச்சேன். போர்க்காலம், ஸ்டேஷனுக்கு தானிய மூட்டை ஏத்திட்டுப் போற வண்டிங்க, ஜமீலாவும் அவ கொழுந்தனும் விளையாட்டா, போர்ல இருந்து திரும்பின தானியார்ங்கறவனோட வண்டியில ஒரு பெரிய மூட்டைய வச்சிடறாங்க, அவன் காயம்பட்ட கால இழுத்துக்கிட்டே அத முதுகுல சுமந்து பலகைச் சரிவுல ஏறறான், இறக்கி வைன்னு கத்தினாலும் இறக்கல. அந்த இடம் வந்தா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைச்சுக்குது. கிர்கீசியப் புல்வெளிக் கதை, ரஷ்ய மொழி வழியா ஊர் ஊரா போச்சு, பிரெஞ்சுக்கு கொண்டுபோன கவிஞர் அராகோன் உலகத்துலயே அழகான காதல் கதைன்னாரு, அதே கதை எங்க வீட்டுப் பரண் வரைக்கும் வந்திருக்கு!

இது தானா நடக்கல. சோமசுந்தரம் ரஷ்ய மொழி படிச்சு மாஸ்கோவுலயே இருந்து மொழிபெயர்த்தவர், தஸ்தயேவ்ஸ்கியோட வெண்ணிற இரவுகள தமிழுக்குத் தந்த ரா. கிருஷ்ணய்யாவும் அங்க வேலை பாத்தவர்தான். செலவ சோவியத் அரசாங்கம் ஏத்துக்கிச்சு, இங்க நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சல்லிசா வித்தாங்க. எல்லாம் பிரச்சாரத்துக்குன்னு சொல்றவங்க உண்டு, காசு போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்தான், ஆனா மூட்டை சுமக்கற தானியார்கிட்ட என்ன பிரச்சாரம் இருக்கு சொல்லுங்க.

1991ல சோவியத் போச்சு, அந்த வரத்தும் நின்னு போச்சு. இன்னிக்கு ஜப்பான் நாவலோ லத்தீன் அமெரிக்கா நாவலோ பெரும்பாலும் இங்கிலீஷ்ல ஏறி இறங்கித்தான் தமிழுக்கு வருது, இங்கிலீஷ்காரன் எடுக்காத புக் இருக்கறதே நமக்குத் தெரியாமப் போகுது. அதான் எனக்குப் பெரிய வருத்தம். 2023 ஜனவரியில சென்னை நந்தனத்துல தமிழ்நாடு அரசு சர்வதேச புத்தகக் கண்காட்சி ஆரம்பிச்சு மொழிபெயர்ப்புக்கு மானியமும் அறிவிச்சப்ப மனசு நெறஞ்சுது. மொழிபெயர்ப்பு உரிமை வாங்க விக்க மேஜை போட்டாச்சு, சந்தோஷம். ஆனா கொரிய மொழியோ அரபியோ நேரா தெரிஞ்ச தமிழ் மொழிபெயர்ப்பாளர உருவாக்கவும் காசு ஒதுக்கணும், அதுக்கு வருஷக்கணக்காகும், இப்பவே ஆரம்பிக்கணும்.

அப்பா அந்த அட்ரஸுக்கு எழுதினாரான்னு அம்மாகிட்ட கேட்டேன். எழுதினாராம். இன்லேண்ட் லெட்டர் ரஷ்யாவுக்குப் போகாதுன்னு போஸ்ட் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாங்களாம், ஏர்மெயில் கவர் வாங்கி, எழுதினத மறுபடி மொதல்ல இருந்து காப்பி பண்ணி அனுப்பினாராம்.