வெர்ஜிலையும் ஹோமரையும் மூலத்தில் படித்துத் தேர்வெழுதிய கதை

லத்தீன் தேர்வில் நான் அடித்த கூத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ரோமானியக் கவி வெர்ஜிலின் ஈனீட் என்ற லத்தீன் காப்பியத்தில் 2ஆம் காண்டத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். பாடப்பகுதிதான், ஆறு மாதமாக உருப்போட்டது. பேனாவை வைத்ததும் கை தானாக ஓடியது. வெளியே வந்து வகுப்புத் தோழியோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, கேள்வித்தாளில் இருந்த கடைசி வரிக்கு அப்புறமும் இரண்டு வரிகளை மொழிபெயர்த்து வைத்திருந்தேன். தாளில் அச்சாகாத வரிகள்! இந்த ஆள் லத்தீனைப் பார்க்கவே இல்லை, ஆங்கில உரையை ஒப்பித்திருக்கிறார் என்பதற்குத் திருத்துபவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தத் தாளில் தேறிவிட்டேன். பார்த்திராத பகுதியை மொழிபெயர்க்கும் தாளில்தான் தள்ளாடினேன். உருப்போட்டதெல்லாம் அங்கே ஒரு சல்லிக்கும் உதவவில்லை. லண்டனில் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று முப்பது வயதுக்கு மேல் லத்தீனும் கிரேக்கமும் சொல்லித்தரும் இந்தப் படிப்பில் சேர்ந்தவர் நான். கையில் இருந்த முதல், பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் மட்டுமே. அந்த முதலை எங்கே போட்டால் லாபம், எங்கே போட்டால் நஷ்டம் என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

லாபம் வேற்றுமையில். கூடப் படித்த ஆங்கிலேயர்கள் ‘சொல்லின் கடைசி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது’ என்று திணறிக்கொண்டிருந்தபோது எனக்கு அது வீட்டு விஷயமாக இருந்தது. விளி வேற்றுமை வரைக்கும் லத்தீனில் உண்டு. வினை கடைசியில் வந்தாலும் நமக்குப் பதற்றமில்லை. நஷ்டம் பெயரடையில். தமிழில் பெயரடை பெயரை ஒட்டிக்கொண்டே நிற்கும், உருவும் மாறாது. லத்தீனிலோ பெயரடையும் பால், எண், வேற்றுமை எல்லாம் ஏற்கும். அந்தத் தைரியத்தில் பெயரை விட்டு எங்கேயோ போய் நின்றுகொள்ளும்.

முதல் வருடம் இதற்கு எனக்குச் சொல்லித்தந்த வழி, முதலில் வினையைத் தேடு, அப்புறம் எழுவாய், அப்புறம் செயப்படுபொருள். நம்மூர்ப் பெயரில் சொன்னால் கொண்டுகூட்டு. சீசரின் உரைநடைக்கு இது ஓரளவு ஓடும். வெர்ஜிலை இப்படிப் பிரித்துக் கோர்த்தால் பொருள் கிடைக்கும், கவிதை போய்விடும், நேரமும் போய்விடும். வரியை அது வரும் வரிசையிலேயே படியுங்கள். முதல் காண்டத்தின் 33ஆம் வரியைப் பாருங்கள்: ‘தாந்தாய் மோலிஸ் எராத் ரோமானாம் கொந்தெரே கென்தெம்’. ‘அத்தனை பெரும் பாரமாக’ என்று தொடங்குகிறது, ‘இருந்தது’ என்கிறது. அடுத்து ‘ரோமானாம்’, அதாவது ரோமானிய. பெண்பால், ஒருமை, இரண்டாம் வேற்றுமை. இதற்குரிய பெயர் இன்னும் வரவில்லை. பென்சிலால் அதன் தலையில் ஒரு கொக்கி போட்டுவிட்டு நகருங்கள். ‘கொந்தெரே’, நிறுவுவது. கடைசிச் சொல்லில்தான் ‘கென்தெம்’, இனத்தை, வந்து கொக்கியில் மாட்டுகிறது. சுமை முதலில் தோளில் ஏறிவிடுகிறது, எதற்காகச் சுமக்கிறோம் என்பது வரி முடியும்போதுதான் தெரிகிறது. அந்த இனத்தை நிறுவப் புறப்பட்ட காப்பிய நாயகன் ஈனியஸின் நிலைமையும் அதுதானே. தேர்வில் இந்த வரிக்கு விளக்கம் கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும். கதைச் சுருக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.

யாப்புக்கு வருவோம். கிரேக்கக் கவி ஹோமர், வெர்ஜில் இருவருக்கும் ஒரே யாப்புதான், அறுசீர் அடி. ஒரு சீருக்கு ஒரு நெடிலசையும் இரண்டு குறிலசையும், அல்லது இரண்டு நெடிலசை. ஐந்தாம் சீர் பெரும்பாலும் முதல் வகை, கடைசிச் சீரில் எப்போதும் இரண்டே அசை. நேர் நிரை பிரித்த கைக்கு இது விளையாட்டு என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். முதல் வரியிலேயே அடி விழுந்தது. ‘அர்மா விரும்க்வே கனோ’. நம் காதுக்கு ‘விரும்’ ஒரே நிரையசை. லத்தீனில் ‘வி’ தனிக் குறிலசை, முதல் சீரின் வால். ‘ரும்’ ஒற்றடைந்ததால் நெடிலசை, இரண்டாம் சீரின் தலை. நமக்கு ஒற்றடைந்த குறிலும் நெடிலும் தனியே நின்றால் நேர்தான், அங்கேயும் இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் தனிக்குறிலும் நேர் என்ற நம் விதியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். எனக்கு இது பழக மூன்று வாரம் பிடித்தது, மேசையில் தாளம் தட்டித் தட்டி.

புணர்ச்சியில் மட்டும் நமக்குக் கொண்டாட்டம். ஒரு சொல்லின் கடைசி உயிர், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ஓடிவிடும். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்று நன்னூல் படித்தவருக்கு ‘இல்லே எத்’ என்பது ‘இல்லெத்’ ஆவதை விளக்கவே வேண்டாம். லத்தீனில் ‘ம்’மில் முடியும் சொல்லின் கடைசி உயிரும் அந்த ‘ம்’மோடு சேர்ந்தே ஓடும், அது ஒன்றுதான் புதுசு. எழுத்தில் எல்லாம் அப்படியே இருக்கும், வாயில்தான் மறையும். அதனால் தினமும் வாய்விட்டுப் படியுங்கள்.

கிரேக்கம். எழுத்துகளுக்கு ஒரு வாரம் போதும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏதென்ஸ் உரைநடையில் தொடங்கி ஹோமருக்கு வருவது ஒரு வழி. இன்னொரு வழி, க்ளைட் ஃபார் 1920இல் எழுதிய பாடநூல்; அது ஹோமரின் இலியட் காப்பியத்தின் முதல் காண்டத்தையே பாடமாக வைத்து மொழியைக் கற்பிக்கிறது. காப்பியம்தான் குறி என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன். இலியட்டின் முதல் சொல் ‘மேனின்’, சினம். அதைப் படிக்க மூன்று வருடம் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை.

ஹோமரில் சொற்கள் ஏராளம். ஆனால் ‘விரைந்த காலுடைய அகிலீஸ்’, ‘ரோஜா விரல்களுடைய விடியல்’ என்று அடைமொழிகள் திரும்பத் திரும்ப வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாணர்கள் பாடும்போதே அடியைக் கட்ட இவை கைகொடுக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவில் பாடகர்களை ஒலிப்பதிவு செய்து காட்டினார். அதே கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் நம் ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் அவர் செய்த ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வந்தது. புறநானூறு கொஞ்சமாவது படித்தவர்கள் அதைத் தேடிப் படித்தால் ஹோமர் அந்நியமாகத் தோன்றாது. அதை என் கட்டுரையில் சேர்த்திருந்தேன், ஆசிரியை ஓரத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் கொடுத்தார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிக்கின்சன் கல்லூரியின் அடிப்படைச் சொற்பட்டியல் லத்தீனுக்குச் சுமார் 1000, கிரேக்கத்துக்குச் சுமார் 500 சொற்கள். அதை முதலில் முடியுங்கள். மூலநூல்கள் இருக்கும் பெர்சியஸ் இணையதளத்தில் சொல்லைச் சொடுக்கினால் இலக்கணம் வந்துவிடும், அதுதான் ஆபத்தும். முழு வாக்கியத்தையும் முட்டி மோதிப் பார்த்த பிறகே சொடுக்குவது என்று விதி வைத்துக்கொண்டேன். லோப் வரிசைப் புத்தகங்களில் (கிரேக்கம் பச்சை அட்டை, லத்தீன் சிவப்பு) எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் இருக்கும். அதன் மேல் பழைய மின்கட்டண ரசீதை வைத்து மறைத்துக்கொண்டு படித்தேன்.

கட்டுரைத் தாளுக்கு எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு காட்சி. ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிஸியின் 11ஆம் காண்டத்தில் நாயகன் ஒடிசியஸ் இறந்துபோன தாயின் ஆவியை மூன்று முறை தழுவப் பார்க்கிறான், மூன்று முறையும் அவள் நிழல்போல, கனவுபோல நழுவுகிறாள். வெர்ஜில் இதை எடுத்து ஈனியஸின் மனைவி கிரியூசாவுக்கு 2ஆம் காண்டத்தில் வைக்கிறார். அதே மூன்று வரிகளை எழுத்து மாறாமல் தந்தை அங்கைசிஸுக்கு 6ஆம் காண்டத்தில் மறுபடியும் வைக்கிறார். ஹோமரின் நிழல் வெர்ஜிலிடம் காற்றாகிவிட்டது, கனவு மட்டும் மிஞ்சியது. ஏன் நழுவுகிறாய் என்று ஒடிசியஸ் கேட்கிறான், தாய் பதில் சொல்கிறாள், தசைநார்கள் இனி எலும்பையும் சதையையும் பிடித்து வைப்பதில்லை என்று. ஈனியஸ் கேட்பதுமில்லை, யாரும் விளக்குவதுமில்லை. இந்த மூன்று இடங்களையும் மூலத்தில் வரி வரியாகத் தெரிந்து வைத்திருந்ததால் குடும்பம், கடமை, மரணம், ஹோமருக்கு வெர்ஜில் பட்ட கடன் என்று எப்படிக் கேட்டாலும் எழுத ஏதோ ஒன்று கையில் இருந்தது. ஈனீடின் பன்னிரண்டு காண்டத்தையும் மேலோட்டமாகப் புரட்டியவர்கள் அந்த அறையில் எனக்கு முன்னே எழுதி முடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எவ்வளவு வேகம் வரும் என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் ஒரு மாலைக்கு ஐந்து வரி, அதுவும் தலைவலியோடு. இரண்டாம் வருட முடிவில் லத்தீனில் முப்பது. கிரேக்கத்தில் இன்னும் இருபதைத் தாண்டவில்லை. தேர்வெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ரயிலில் ஒடிஸி 9ஆம் காண்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கன் இப்போதுதான் விறகுக்கட்டோடு குகைக்குத் திரும்பியிருக்கிறான், வாசலை மூடும் பாறை நாளைக்கு.