650 பவரா, 500 பவரா?

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு அக்கா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த 650 ரொம்ப பவரா இருக்கும், 500 மட்டும் போட்டுக்கிறேன்" என்றார். 650 என்பது பாராசிட்டமால், 500 அஸித்ரோமைசின். ஒன்று காய்ச்சலைத் தணிக்கும், இன்னொன்று பாக்டீரியாவைத் தாக்கும், இரண்டின் மில்லிகிராமையும் ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் கையில் இருந்தது பேர் பாதி அறுந்துபோன ஒரு அட்டைத் துண்டு.

எங்கள் தொழிலில் யாரும் பேசாத விஷயம் மாத்திரை அட்டையை வெட்டுகிற இந்தக் கத்தரிக்கோல்தான். அஸித்ரோமைசின் மாதிரி பாக்டீரியாவைத் தாக்கும் ஆண்டிபயாட்டிக் அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று மத்திய சுகாதாரத் துறை 2016-ல் பிரசாரமே செய்தது. செஃபிக்ஸிம் மாதிரி சில ஆண்டிபயாட்டிக்குகளை விற்றால் நோயாளி பேர், டாக்டர் பேர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து சட்டம். சரி, பத்து மாத்திரை அட்டையில் ஆறை வெட்டிக் கொடுத்தால் பேரும் காலாவதித் தேதியும் ஒருத்தருக்குப் போகும், மிச்சம் இன்னொருத்தருக்கு, கவர் மேல் 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று ஒரு கிறுக்கல், அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கிற விளக்கம்.

தண்ணீர் கலந்து கொடுக்கிற குழந்தைகளின் ஆண்டிபயாட்டிக் பவுடர் சிரப் கதை இன்னும் மோசம். பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும். சிலர் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள், சிலர் பவுடரைக் கரண்டியில் எடுத்து அப்படியே கொடுக்கிறார்கள். இப்படிக் கலந்த அமாக்சிசிலின் கிளாவுலனேட் சிரப் ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும், அதை அடுத்த சளிக்கு என்று பத்திரப்படுத்துகிற வீடுகள் எத்தனையோ! அந்தச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து வேலையே செய்யாது என்பது தனிக் கதை.

அப்புறம் இன்னொரு பக்கமும் உண்டு, அஸித்ரோமைசின் வாங்கும்போது "மூணே மாத்திரைதானா, இன்னும் ரெண்டு குடுங்கண்ணே" என்பவர்கள். அது நிறுத்திய பிறகும் சில நாள் உடம்பில் நின்று வேலை செய்யும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, நான் ஏதோ காசு மிச்சம் பிடிப்பதாக ஒரு பார்வை பார்ப்பார்கள் (விற்றால்தானே எனக்குக் காசு).

டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் வாங்குகிறவர்களிடம் மட்டும் விடாமல் சொல்கிறேன், ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள், போட்டவுடன் படுக்காதீர்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன்னால் முழு அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், கவரில் "இது ஆண்டிபயாட்டிக், 5 நாள்" என்று தமிழில் எழுதிவிடுகிறேன். உங்கள் கடைக்காரரிடமும் கேளுங்கள், முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.