பெட்டியில் போட்டிருக்கும் வயதும் கல்லாவில் கேட்கும் குரலும்

பொம்மைக் கடையில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் கேட்பவரின் முகம் மலர்ந்துவிடும். நாள் முழுவதும் குழந்தைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளால் எனக்குப் பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை. கேட்பார்கள், கிடைக்காவிட்டால் அழுவார்கள், அடுத்த அலமாரிக்குப் போவதற்குள் அதை மறந்தும் விடுவார்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று குரலை உயர்த்துபவர்கள் பெரியவர்கள்தான். எங்கள் தொழிலில் பணம் கொடுப்பவர் ஒருவர், விளையாடுபவர் இன்னொருவர். வீட்டில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் ஏமாற்றம்தான் பல நேரம் பெரியவர் ஒருவரின் வாய் வழியாக எங்களிடம் வந்து சேர்கிறது என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

சேர்ந்த புதிதில் நான் அதிகம் திட்டு வாங்கியது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயதுக் குறிப்பால். இரண்டு வயது மதிக்கத்தக்க மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், சின்னச் சின்னப் பாகங்களைக் கோத்து வண்டி செய்யும் பெட்டி ஒன்றைக் கல்லாவில் வைத்தார். “இது இந்த வயதுப் பிள்ளைக்குச் சரிவராது சார்” என்றேன். “என் பையனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இப்போதே இருபது வரை எண்ணுவான்” என்றார். நானும் விடாமல், “இருந்தாலும் இது அவனுக்குப் புரியாது சார்” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவர் பேசிய பேச்சைக் கேட்டு, உள்ளேயிருந்து மேலாளர் ஓடி வர வேண்டியதாயிற்று.

பெற்றவரிடம் பிள்ளையின் அறிவைப் பற்றிப் பேசியது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை, நான் சொன்ன காரணமே தவறு என்பது. வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், பக்கத்தில் 0-3 என்ற எண்கள், குறுக்கே ஒரு கோடு என்று பெட்டிகளில் ஓர் அடையாளம் இருக்குமே, அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தொண்டையைப் பற்றிய எச்சரிக்கை. பொம்மைகளைப் பரிசோதிப்பவர்களிடம் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளை ஒன்று உண்டு. பொம்மையின் ஏதாவது ஒரு பாகம், அழுத்தாமல் விட்டாலே அதற்குள் முழுவதுமாக அடங்கிவிட்டால், அந்தப் பொம்மை மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரியதன்று. அந்த உருளை ஏறக்குறைய ஒரு சிறு குழந்தையின் தொண்டை அளவு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் மிகச் சிறிய பாகம் எதுவோ அதன்மேல் விரலை வைத்து, “எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இந்த வயதில் எதையும் வாயில் போட்டுத்தானே பார்க்கும்? இந்தச் சக்கரம் அப்படியே தொண்டையில் அடைத்துக்கொள்ளும்” என்பேன். பலர் அந்தச் சக்கரத்தைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளையின் வாயைப் பார்ப்பார்கள். வாயில் ஏற்கெனவே சட்டைக் காலரோ கைவிரலோ இருக்கும். எனக்காக அந்தப் பிள்ளையே வாதாடிவிடும்.

ஆனாலும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விற்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் சின்னஞ்சிறு காந்த உருண்டைகள், எளிதாகத் திறந்துகொள்ளும் பட்டன் பேட்டரிப் பொம்மைகள் இரண்டிலும் முகம் சுளித்தாலும் சரி என்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் பில் போடுகிறேன். விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்தால், நடுவில் அகப்பட்ட சுவர் ஓட்டையாகிவிடும். உணவுக்குழாயில் சிக்கிய லித்தியம் பட்டன் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கும். பேட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பதற்கும் அதுதான் காரணம். “ஒவ்வொரு முறையும் திருப்புளியைத் தேட வேண்டியிருக்கிறது, எந்த முட்டாள் இப்படிச் செய்தான்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது, திருப்பிக் கொண்டுவருபவர்கள். ஒருநாள் மாலை, வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, வயதான அம்மா ஒருவர் பாடும் கரடிப் பொம்மையை மேசையில் தொப்பென்று வைத்தார். பத்துப் பாட்டுப் பாடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம்; வீட்டில் எத்தனை முறை அமுக்கினாலும் ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறதாம்; பேத்தி அழுத அழுகையில் வீட்டில் யாருமே சாப்பிடவில்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றார். கரடியைக் குப்புறப் போட்டு, முதுகிலிருந்த துணி மடிப்பை விலக்கினேன். அங்கே அரிசிமணி அளவில் ஒரு பொத்தான். கடையில் வைத்திருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று, இப்படிப்பட்ட பொம்மைகள் பலவற்றை டெமோ நிலையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். நகத்தால் அதை நகர்த்திவிட்டு வயிற்றை அமுக்கியதும் கரடி முழுப் பாட்டையும் பாடத் தொடங்கியது. வரிசையில் நின்ற ஒரு சிறுவன் கைதட்டினான்.

அந்த நேரத்தில் “உள்ளே இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கிறதே அம்மா” என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. பத்துப் பேருக்கு நடுவில் அதைச் சொல்லியிருந்தால், கரடி பாடினாலும் அவர் பணத்தைத்தான் கேட்டிருப்பார். “இந்தப் பொத்தானை இவ்வளவு சின்னதாகச் செய்து ஒளித்து வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும் அம்மா” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கரடியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து, பில் போடும்போதே பொத்தானை நகர்த்திக் காட்டிக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போட்டவர்கள், தலைகீழாகப் போட்டவர்கள், பேட்டரிக்கு இடையிலிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவாதவர்கள் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான்.

கத்துபவர்களைச் சமாளிப்பது ஒருவகையில் எளிது. விடுமுறை முழுவதும் விளையாடித் தீர்த்த ரிமோட் காரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, சிரித்த முகத்தோடு “பிரிக்கவே இல்லை” என்று கொண்டுவருபவர்களிடம்தான் இன்றும் தடுமாறுகிறேன். சக்கரத்தில் மண் ஒட்டியிருப்பதை நானும் பார்க்கிறேன், நான் பார்ப்பதை அவர்களும் பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் மேலாளரைக் கூப்பிட்டுவிடுவேன்.

இன்னொருவர் இருக்கிறார். ஆயிரம் துண்டுகள் கொண்ட ஜிக்சா புதிரை வாங்கிப் போய், வானத்தின் நடுவில் ஒரு துண்டு இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். இங்கே வாங்கியவரும் விளையாடியவரும் அவரே. அதனால்தானோ என்னவோ, அவ்வளவு நொந்துபோயிருந்தார். வேறு பெட்டி கொடுத்து அனுப்பினோம். திரும்பி வந்ததைப் பின்னறையில் ஒரு பலகைமேல் கொட்டி, கூட்டமில்லாத பிற்பகல்களில் நாங்கள் கோக்கத் தொடங்கினோம். இப்படிப்பட்ட புதிர்கள் பலவற்றில் 38க்கு 27 என்று வெட்டுவதால் உண்மையில் 1026 துண்டுகள் இருக்கும், இதிலும் அப்படித்தான். மூன்று வாரம் ஆயிற்று. வானம் உட்பட ஒரு துண்டும் குறையவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் அடுத்த புதிரை வாங்க வந்தார். “இதிலாவது எல்லாத் துண்டும் இருக்குமா?” என்று கேட்டார். “குறைந்தால் கொண்டுவாருங்கள் சார்” என்று சொல்லிப் பில் போட்டேன்.