கணக்கு வாசிக்கும் கூட்டம்

2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியாகிய ஏ9 வீதி மூடப்பட்டபின், யாழ் குடாநாட்டை விட்டுக் கொழும்புக்குப் போக இராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்த நாட்களிலும், இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நடைமுறையில்தான் இருந்தது. நாட்டுக்குள் சென்றுவரும் சுதந்திரத்தை அதன் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் அளித்தும் இருந்தது. எழுத்திலுள்ள சுதந்திரத்துக்கும் கையிலுள்ள சுதந்திரத்துக்கும் இடையிலான தூரத்தை, அந்த அனுமதிப் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அரசை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு ஓய்ந்துவிட என்னால் முடியவில்லை. சுயாதீனமான நீதிமன்றமும் அஞ்சாத பத்திரிகையும் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம்; கேள்வி கேட்பவரைச் சகித்துக்கொள்ளும் பழக்கம் ஊருக்குள் வேண்டும் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். எங்களில் எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறோம்? (நான் ஒரே ஒருமுறைதான்.)

சென்ற ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பொருளாளர் வரவு செலவை வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, கூரைத் திருத்த வேலைக்கான பற்றுச்சீட்டுகளைக் காட்டும்படி கேட்டார். "ஐயா, எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று ஒருவர் முணுமுணுத்தார். பொருளாளர் மறுபேச்சின்றிக் கோப்பைத் திறந்து நீட்டினார். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி முடிக்க அரைமணி நேரம் பிடித்தது, தேநீர் ஆறிப்போயிற்று.