பத்து நிமிட இடைவேளையும் ஒரு வெள்ளி அரைஞாண் கொடியும்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுதப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தப் புத்தகம் படித்தாய், எத்தனை மாதிரித் தேர்வு போட்டாய், வேலைக்குப் போய்க்கொண்டே எப்படிச் சமாளித்தாய் என்பதுதான். இடைவேளையில் என்ன செய்தாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் தடவை நான் மண்ணைக் கவ்வியதில் பாதி அந்த இடைவேளையில்தான் நடந்தது. அதனால் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ஜிமேட்டில் மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 2 மணி 15 நிமிடம். நடுவில் 10 நிமிடத்துக்கு ஒரே ஒரு இடைவேளை. முதல் பிரிவு முடிந்ததும் எடுக்கலாம், இல்லை இரண்டாவது முடிந்ததும் எடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டும்விடலாம். 2024 ஜனவரியோடு விடைபெற்ற பழைய ஜிமேட் 3 மணி 7 நிமிடம் ஓடியது, அதில் 8 நிமிட இடைவேளை இரண்டு இருந்தது. எனக்கு ஆலோசனை சொன்ன ஆபீஸ் சீனியர்கள் எல்லோரும் அந்தப் பழைய தேர்வை எழுதியவர்கள். "முதல் பிரேக்கில் பாத்ரூம் போய்டு, ரெண்டாவது பிரேக்கில் ஏதாவது சாப்பிடு" என்று அன்போடு சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன். எனக்கு இருக்கப்போவது ஒரே ஒரு இடைவேளை என்று தெரிந்தும், அதற்குள் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு தைரியம். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தானே!

இல்லை.

அது மே மாதம், சனிக்கிழமை காலை. தேர்வு மையம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில். அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள், நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் கீழே டீக்கடையில் ஒரு காபியும், பதற்றத்தில் இன்னொரு காபியும் குடித்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். இந்த இரண்டாவது காபியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு தனித் தலைவலி. நமக்கு இருப்பது இனிஷியல், அவர்கள் கேட்பது குடும்பப்பெயர். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்தாக இருக்கும் அப்பா, பாஸ்போர்ட்டில் முழுப்பெயரோடு உட்கார்ந்திருப்பார். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டுவிடுங்கள், அப்புறம் வாசலில் நின்று நம் பெயர் வைக்கும் முறையை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எனக்கு அதில் சிக்கல் வரவில்லை. கையெழுத்து, போட்டோ, அப்புறம் உள்ளங்கை. ஒரு சின்னப் பெட்டியின் மேல் கையை வைத்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களின் அமைப்பை அது படித்து வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு முழுக்க நீங்கள் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அந்தக் கைதான் சாவி. இடைவேளைக்கு வெளியே போனவரும் திரும்பி வருகிறவரும் ஒரே ஆள்தானா என்று பார்க்க வேண்டுமே! 2019-இல் நீட் ஆள்மாறாட்டம் தேனி மருத்துவக் கல்லூரியில் வெடித்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. இதை அதிகப்படி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு லாக்கர். போன், வாட்ச், பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, கையில் இருந்த பேனா எல்லாம் அதற்குள். கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லி, காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி உள்ளே வரலாம், அதன் கூடு வரக்கூடாது. இருமல் மாத்திரை வரலாம், ஆனால் உறையைப் பிரித்துவிட்டுத்தான். தண்ணீர் பாட்டிலுக்கு இடமே இல்லை. எழுதிப் பார்க்க அவர்களே லேமினேட் செய்த அட்டைப் புத்தகமும் மார்க்கரும் தருகிறார்கள், வெளியே இருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட உள்ளே போகாது. பேன்ட் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினேன். அதில் எப்போதோ துவைத்துக் கட்டியாகிப்போன ஒரு பஸ் டிக்கெட் வந்தது. அதையும் வாங்கிக் குப்பையில் போட்டார் அந்தக் காவலாளி அண்ணன்.

கடைசியாகக் கையில் வைத்திருந்த மெட்டல் டிடெக்டரால் தடவினார். இடுப்பில் "பீப்".

"பெல்ட் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேண்ணே."

மறுபடியும் பீப். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை, ஏனென்றால் அது என் உடம்பிலேயே ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்ட சமாச்சாரம். அவருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. குரலைத் தாழ்த்தி, "அரைஞாண் கொடியா தம்பி?" என்றார்.

ஆமாம். வெள்ளி. கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா போட்டுவிட்டது. சட்டையை ஓரமாக இரண்டு விரல் அளவுக்குத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். இந்த விதிகளையெல்லாம் எழுதியவர்கள் மோதிரம், டை கிளிப், தொப்பி வரைக்கும் யோசித்திருப்பார்கள், தமிழ்நாட்டு ஆண்பிள்ளையின் இடுப்பைப் பற்றி யோசித்திருக்க வழியில்லை என்று நினைத்தபடி நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அதுதான் அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது.

அறைக்குள் ஏசி என்றால் அப்படி ஒரு ஏசி. வெளியே மே மாதத்துச் சென்னை கொதிக்கிறது, உள்ளே விரல் மரத்துப்போகிறது. ஸ்வெட்டர் கொண்டுபோகலாம், பாக்கெட்டைச் சோதித்துவிட்டு விடுகிறார்கள், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் யார் ஸ்வெட்டரை நினைப்பார்கள்? முதல் பிரிவு கணக்கு, நன்றாகவே போனது. இரண்டாவது பிரிவு வெர்பல், அதாவது ஆங்கிலம். அதில் பாதி தாண்டும்போது அந்த இரண்டு காபியும் ஏசியும் சேர்ந்து வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டன. கடைசி ஏழெட்டுக் கேள்விகளில் ஒவ்வொரு பத்தியையும் மூன்று முறை படித்தேன். கண் படிக்கிறது, மூளை வேறு எங்கோ இருக்கிறது. நடுவில் எழுந்து போக ஆசைதான். போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் கடிகாரம் நிற்காது.

வெர்பல் முடிந்தது, திரையில் இடைவேளை வேண்டுமா என்று கேட்டது, வேண்டும் என்று அழுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன். கையைத் தூக்கியதும் வந்துவிடமாட்டார்கள். வேறொருவருக்கு அட்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் கண்காணிப்பாளர். அவர் வந்து என்னை வெளியே கூட்டிப்போய் மேஜையில் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, அது படித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கழிவறை மையத்துக்குள் இல்லை, நடைபாதையின் மறுகோடியில், அந்த மாடியில் இருக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவானது. போய் வந்தது ஒரு மூன்று, மூன்றரை நிமிடம் இருக்கும். கையில் வாட்ச் கிடையாது, போனைத் தொடக்கூடாது, ஆக எல்லாமே உத்தேசம்தான். லாக்கரில் வாழைப்பழம் இருந்தது. லாக்கரைத் திறந்தால் பழத்துக்கு மேலே பை, பைக்குள் போன். அதைத் தொடாமல் பழத்தை உருவுவதற்குள், டைம்பாம் செயலிழக்கச் செய்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன். இடைவேளையில் போனை எடுத்தால் மதிப்பெண்ணையே ரத்து செய்யலாம் என்று விதி இருக்கிறது. கேமரா வேறு தலைக்கு மேலேயே தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பையன் மணி பார்க்கலாமென்று கை வைக்கப் போய், "சார், சார், போன் வேண்டாம்" என்று அதட்டல் வாங்கிக்கொண்டு நின்றான். பாவம், அவன் உண்மையிலேயே மணிதான் பார்க்கப் போனான் என்று நினைக்கிறேன்.

பாதிப் பழத்தை வாயில் திணித்துக்கொண்டு வந்தால், சோதனை மேஜையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். இடைவேளை முடிந்தவர்கள் இல்லை, வேறு ஏதோ தேர்வுக்கு அப்போதுதான் புதிதாக வந்தவர்கள், பாஸ்போர்ட் சரிபார்ப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நான் எட்டிப் பார்த்து, "மேடம், எனக்கு டைம் ஓடுது" என்றேன். "வரிசைப்படிதான் சார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. இடைவேளையில் திரும்புகிறவர்களுக்கு ஒரு தனி வரிசை வைக்க என்ன கேடு என்று மட்டும் இன்றைக்கும் கேட்பேன். என் முறை வந்ததும் மறுபடியும் பாக்கெட், மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் டிடெக்டர். மறுபடியும் பீப். காலையில் இருந்த அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், அவர் இடத்தில் ஒரு வட நாட்டு இளைஞர். அரைஞாண் கொடிக்கு இந்தியில் என்ன? இன்றுவரை எனக்குத் தெரியாது. "கோல்ட் நஹீ, சில்வர்" என்று நான் சொல்ல, அவர் "நிகாலியே" என்று சொல்ல, அது அவ்வளவு சீக்கிரம் கழலாது என்பதைச் சைகையில் காட்டினேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலையைத் திருப்பிக்கொண்டது இன்னும் நினைவில் இருக்கிறது. கடைசியில் யாரோ போய்க் கேட்டு வந்து விட்டார்கள். உள்ளங்கை வேறு, ஜில்லென்று இருந்ததாலோ என்னவோ, இரண்டு முறை படியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபோது மூன்றாவது பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் 10 நிமிடத்தைத் தாண்டினால் தாண்டிய நேரம் அடுத்த பிரிவிலிருந்து கழியும். எனக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கம்மியாகப் போயிருந்தது. தரவுகளை அலசும் அந்த டேட்டா இன்சைட்ஸ் பிரிவில் 45 நிமிடத்துக்கு 20 கேள்வி, கேள்விக்கு இரண்டேகால் நிமிடம்தான். ஆக, அந்த வெள்ளிக் கொடி ஏறக்குறைய ஒரு கேள்வியை விழுங்கியது. போனது ஒரு கேள்வி, ஆனால் படபடப்பில் விட்டது நாலைந்து.

அடுத்த முயற்சிக்கு 16 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி, நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் என் மனைவி வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதினாள். அதில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் இடைவேளையே இல்லை. முன்பு 3 மணி 45 நிமிடத் தேர்வாக இருந்தது, மூன்றாவது பிரிவுக்குப் பின் 10 நிமிடம் விட்டார்கள். 2023 செப்டம்பர் 22 முதல் 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கி, இடைவேளையையும் எடுத்துவிட்டார்கள். ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலிலும் அதே ஆண்டு அதே கதை. அவளுடைய கவலை வேறு. கல்யாண மோதிரம், நிச்சயதார்த்த மோதிரம் தவிர மற்ற நகை கூடாது என்று எழுதியிருந்தது. "ஏங்க, அப்ப தாலி?" என்றாள். கல்யாண மோதிரத்துக்கு விலக்கு என்றால் அதன் நோக்கப்படி தாலிக்கும் உண்டு என்று நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். அவள் என்னை நம்பவில்லை. செயினைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போனாள், சோதித்த பெண் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். தோடு, வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே. காலையில் காபி அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். என்னைவிடப் புத்திசாலி.

இதெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதுகிற, பணம் கட்டியவர்களின் அவஸ்தை. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எழுதும் நீட்டோடு ஒப்பிட்டால் இது சொகுசு. 2015-இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் உடைக்குள் சிம்மும் ப்ளூடூத்தும் மறைத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அதற்குப் பிறகுதான் அரைக்கைச் சட்டைதான், செருப்புதான், கொண்டை ஊசி கூடாது என்று கெடுபிடி ஏறியது. சோதனை என்ற பெயரில் 2022-இல் கொல்லத்தில் மாணவிகளின் உள்ளாடையைக் கழற்றச் சொன்ன அசிங்கம் வரைக்கும் போய் வழக்கானது. ஜே.இ.இ. மெயினில் 2024 முதல் கழிவறை போய் வந்தாலே மறுபடி சோதனை, மறுபடி கைரேகை. சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று ஒரு வரி இருக்கிறது, வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் அந்த வரியைத் தேடிப் படித்து அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் இரண்டாவது தடவை. காபி இல்லை. முழுக்கை ஸ்வெட்டர், பாக்கெட் இல்லாதது. லாக்கரில் போனை அணைத்துப் பையின் அடியில் போட்டு, அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் முன்னால் தனியாக வைத்தேன். வீட்டில் மாதிரித் தேர்வு போடும்போதே இடைவேளையை ஐந்து நிமிடமாக வைத்துப் பழகியிருந்தேன், மனைவி கதவருகே நின்று பாக்கெட்டைக் காட்டச் சொன்னாள், அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இடைவேளையை முதல் பிரிவு முடிந்ததுமே எடுத்தேன். அம்மாவிடம் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடத்தி, இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, வெள்ளிக்குப் பதில் கறுப்புக் கயிறு.

வாசலில் அதே காவலாளி அண்ணன். டிடெக்டர் இடுப்பைத் தாண்டிச் சத்தமில்லாமல் இறங்கியது. அவர் நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கொடி எங்க?"

"வீட்டுல இருக்குண்ணே."

"வச்சிட்டீங்களா, வித்துட்டீங்களா?" என்றார்.

அன்றைக்கு இடைவேளையிலிருந்து திரும்பி உட்கார்ந்தபோது திரையில் இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. செய்ய ஒன்றுமில்லாமல் மார்க்கர் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.